குண்டை மறைப்பதா, பீரங்கியை நகர்த்துவதா?

என் தம்பி பீரங்கிப் படையில் இருக்கிறான். லீவுக்குக் காவேரிப்பட்டணம் வந்தபோது, "அண்ணா, நாங்க சுடற குண்டே எங்களைக் காட்டிக்கொடுத்துடும்" என்றான். குண்டு பறக்கும் பாதையில் கொஞ்சம் கிடைத்தால் போதும், எதிரியின் ரேடார் அதைப் பின்னோக்கி நீட்டி, சுட்ட இடத்தைக் கணக்குப் போட்டுவிடும். 1999 கார்கில் போரில் பாகிஸ்தானிடம் இந்த வகை அமெரிக்க ரேடார் இருந்தது, நம்மிடம் இல்லை. இப்போது நம்மிடம் ஸ்வாதி என்ற நம் சொந்த ரேடார் இருக்கிறது. சரி, ரேடாருக்கே தெரியாத குண்டு செய்தால் என்ன? ஓசூரில் லேத் ஓட்டுகிற எனக்கு அந்தக் கேள்வி மனசை விட்டுப் போகவில்லை.

முதலில் தோன்றுவது ரேடார் அலையை உறிஞ்சும் பூச்சு. ஆனால் அது சுழலும் குண்டில் ஒட்டி நிற்க வேண்டுமே. லேத்தின் பிடியான சக்கில் மாட்டிய இரும்புத் துண்டு அரை நூல் சென்டர் தப்பினாலே 1500 ஆர்.பி.எம்.மில் மெஷின் உதறும், ஹேண்டிலில் கை வைத்தால் தெரியும். 155 மி.மீ. குண்டு அதைப்போல எட்டு மடங்குக்கு மேல் வேகமாகச் சுழல்கிறது. எடையோ சுமார் 43 கிலோ. பீரங்கிக் குழாய்க்குள் அதைத் தள்ளும் விசை அந்த எடையைப்போலப் பத்தாயிரம் மடங்கைத் தாண்டும். பூச்சு ஒரு பக்கம் உரிந்தால் குறி தப்பும். சில சென்டிமீட்டர் நீள அலையை நன்றாக உறிஞ்சப் பூச்சு சில மில்லிமீட்டராவது தடிமன் வேண்டும். குழாய்க்கும் குண்டுக்கும் நடுவே ஒரு மில்லிமீட்டர்கூட இடமில்லை. இடம் வேண்டுமென்றால் எஃகைக் கடைந்து எடுக்க வேண்டும். சிதறிப் பாய்வதே அந்த எஃகுதான்.

எஃகுக்குப் பதில் பிளாஸ்டிக் என்பதும் அதனாலேயே அடிபட்டுப் போகிறது.

வடிவத்தை மாற்றலாமா? கூர்மூக்கு இருப்பதால் நேர் முன்னாலிருந்து பார்த்தால் குண்டு ஏற்கெனவே சின்னதாகத்தான் தெரியும். பக்கவாட்டில் உருளை, பின்னால் தட்டை. அங்கேதான் அலை பலமாகத் திரும்பும். ரேடாருக்கு எளிதில் சிக்காத ஸ்டெல்த் விமானம்போலப் பட்டை தீட்டினால் சுழன்று பறக்கிற குண்டு நேராகப் போகாது.

இத்தனையும் சாதித்து, திரும்பும் அலையை 16இல் ஒரு பங்காகக் குறைத்துவிட்டோம் என்றே வைப்போம். ரேடார் பார்க்கும் தூரம் பாதியாகத்தான் குறையும். நான்காம் படிமூலக் கணக்கு அப்படி, 16க்கு அது 2. இதைப் படித்ததும் எனக்கு ஆசையே விட்டுப்போயிற்று.

குண்டை மறைப்பதற்கு மாற்று, சுட்டவுடன் கிளம்பும் பீரங்கி. சுவீடனின் ஆர்ச்சர், பிரான்ஸின் சீசர் இரண்டும் சக்கரத்தில் ஓடுபவை. நம் கே-9 வஜ்ரா சங்கிலிச் சக்கரத்தில். 30 கி.மீ. தூரத்துக்குக் குண்டு பறக்கவே ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகும், எதிரியின் பதில் குண்டுக்கும் அதே நேரம்தான். அதற்குள் இடம் மாறிவிட்டால் ரேடார் கண்டுபிடித்தது வெறும் காலி நிலம். செலவழிக்கிற பணம் இங்கேதான் போக வேண்டும் என்பேன். மலையில், ஒரே சாலையில், நகர இடமில்லாத இடத்தில்தான் இந்த வழியும் திணறும்.

தம்பியுடையது லாரியில் மாட்டி இழுக்கும் பீரங்கி. கழற்றிக் கிளம்ப எத்தனை நிமிடம் ஆகும் என்று கேட்டேன். "அதைச் சொல்லக்கூடாது அண்ணா" என்று எழுந்து உள்ளே போய்விட்டான்.