மிளகாய்க்கு மருந்து என்று 7,460 ரூபாய் பிடுங்கிவிட்டார்கள், தயவுசெய்து வாசியுங்கள்

இன்று காலையில்தான் கடைசி இரண்டு வரிசை மிளகாய்ச் செடியையும் பிடுங்கி வரப்பில் போட்டுவிட்டு வந்தேன். கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். ஆறிவிட்டால் 'போகட்டும், நம்ம நேரம்' என்று நானும் விட்டுவிடுவேன். அப்படி எல்லோரும் விடுவதால்தான் இவர்கள் பிழைக்கிறார்கள். போனது 7,460 ரூபாய். அதுபோக இருபது சென்ட் மிளகாய்.

எனக்கு ஊர் ஆலங்குளம் பக்கம். செம்மண் காடு, கிணற்றுப் பாசனம். எங்கள் பக்கத்துக் காய்கறி பெரும்பாலும் பாவூர்சத்திரம் சந்தைக்குத்தான் போகும், அங்கிருந்து கேரளாவுக்கு லோடு ஏறும். நான் பெரிய விவசாயி இல்லை. வீட்டுத் தேவைக்கும் கொஞ்சம் சந்தைக்கும் என்று இருபது சென்டில் மிளகாய், ஓரத்தில் நாலு வரிசை கத்தரி. ஐப்பசியில் நட்டேன். மார்கழி வரைக்கும் செடி பார்க்கவே ஆசையாக இருந்தது. தை பிறந்து, மழை ஓய்ந்து, வெயில் ஏற ஏறக் கொழுந்து சுருள ஆரம்பித்தது.

டவுனில் மருந்துக்கடைக்குப் போயிருக்கலாம். போகாததற்குக் காரணம் உண்டு. எங்கள் வீட்டில் பச்சை மிளகாயைச் செடியிலிருந்து பறித்து அப்படியே அம்மியில் வைப்பார்கள். பேத்தி தோட்டத்தில்தான் விளையாடுவாள். அதனால் விஷம் வேண்டாம், இயற்கை மருந்தாக இருந்தால் தேவலை என்று நினைத்திருந்தேன். அந்த நேரம் பார்த்துப் போனில் ஒரு விளம்பரம் வந்தது. செடியைப் படம் எடுத்துப் போட்டால் என்ன பூச்சி என்று சொல்லுமாம், அதற்கான இயற்கை மருந்தும் வீட்டுக்கே வருமாம். அந்த மாதிரி ஆப் இப்போது ஏகப்பட்டது இருக்கிறது. பெயர் போடவில்லை, வகையைச் சொன்னாலே போதும்.

படம் போட்ட மறு நிமிடம் 'இலைப்பேன்' என்று வந்தது, கொழுந்தில் சாறு உறிஞ்சுகிற பொடிப் பூச்சி அது. பத்து நிமிடத்தில் போன் வந்தது.

நான் ஏமாந்த இடம் இதுதான். பேசின பையன், "வணக்கம் அண்ணாச்சி, எந்த ஊர்லேந்து பேசுதீய?" என்றான். ஆலங்குளம் பக்கம் என்றதும், "அட, நானும் நம்ம பக்கந்தான் அண்ணாச்சி. எங்க அப்பாவும் மிளகாதான் போடுதாரு. ஒண்ணும் பயப்படாதீய, நான் பாத்துக்கிடுதேன்" என்றான். கிணற்றில் தண்ணீர் எவ்வளவு கிடக்கிறது, செடிக்கு என்ன வயது, நெருக்கி நட்டிருக்கிறேனா என்று ஒவ்வொன்றாகக் கேட்டான். தோட்டம் தெரிந்தவன் கேட்கிற கேள்வி அத்தனையும். "நூறு சதம் ஆர்கானிக் அண்ணாச்சி. இன்னைக்கு அடிச்சு நாளைக்கே பறிக்கலாம். எங்க தோட்டத்துக்கே இதத்தான் அடிச்சேன்" என்று சொன்ன பிறகு எனக்குச் சந்தேகமே வரவில்லை. பேசிக்கொண்டிருக்கும்போதே 2,980 ரூபாயை அனுப்பிவிட்டேன்.

மூன்றாம் நாள் பாட்டில் வந்தது. பச்சை இலைப் படம், ஒரு பசுமாட்டுப் படம். பத்து லிட்டர் டேங்கில் நாலு டேங்க் அடித்தேன். இரவு முகமும் கையும் எறும்பு ஊர்வதுபோலக் குறுகுறுத்து எரிந்தது. தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு படுத்தேன். இயற்கை மருந்து ஏன் எரிய வேண்டும் என்று அன்றைக்கே யோசித்திருக்க வேண்டும். மறுநாள், அவன் சொன்னபடியே, ஒரு கூடை மிளகாய் பறித்தோம். வீட்டுக்கு வைத்ததுபோகப் பக்கத்து இரண்டு வீட்டுக்கும் கொடுத்தேன். பணம் போனதைக்கூடத் தாங்கிக்கொள்வேன், இதை நினைத்தால் இன்றைக்கும் வயிறு கலங்குகிறது.

ஒரு வாரமாகியும் சுருட்டை குறையவில்லை, கூடியது. இதற்கிடையில் இலையில் ஒரு புழு கண்ணில் பட்டது. அரை விரற்கடைகூட இருக்காது. கருப்பு உடம்பு, முதுகில் ஆரஞ்சுப் புள்ளி, ஆறு கால், பார்க்க முதலைக் குட்டி மாதிரி. படம் எடுத்துப் போட்டேன். 'இலை தின்னும் புழு, உடனடித் தாக்குதல்' என்று சிவப்பு எழுத்தில் வந்தது. அதே பையன் கூப்பிட்டான். "அண்ணாச்சி, இத விட்டா தோட்டமே போயிரும். முதல் மருந்தோட இந்த ரெண்டாவதையும் சேத்து அடிக்கணும்" என்றான். 4,480 ரூபாய். அனுப்பினேன். ஆக மொத்தம் 7,460.

இரண்டாவது மருந்து அடித்த ஐந்தாம் நாள் பூ எல்லாம் உதிர்ந்தது. இருந்த பிஞ்சின் தோல் சொரசொரவென்று துரு ஏறினது மாதிரி ஆகிவிட்டது. களை எடுக்க வருகிற அக்கா ஒருத்தி, அறுபது வயது இருக்கும், செடியைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "தம்பி, இது பேன் சுருட்டு இல்லய்யா. பேன்னா இலை மேலாப்புல மடங்கும். இது கீழ மடங்கிக் கெடக்கு" என்றாள். ஒரு படத்தைப் பார்த்து ஆயிரக்கணக்கில் பணம் வாங்கினவனுக்குத் தெரியாதது அவளுக்குத் தெரிந்திருந்தது.

நாலு கொழுந்தைக் கிள்ளிப் பையில் போட்டுக்கொண்டு தோட்டக்கலை அலுவலகத்துக்குப் போனேன். அங்கே ஒரு பைசா கேட்கவில்லை. அந்த அலுவலர் கண்ணாடி லென்ஸை என் கையில் கொடுத்து இலையின் அடிப்பக்கத்தைப் பார்க்கச் சொன்னார். முதலில் ஒன்றும் தெரியவில்லை. கண் பழகினதும் நரம்பு ஓரத்தில் வெளிர் மஞ்சளாக, கண்ணாடித் துளி மாதிரி ஒன்று நகர்ந்தது. அதன் பக்கத்தில் முட்டை, மேலே வெள்ளை வெள்ளையாக முத்துப் பதித்ததுபோலப் புள்ளி வரிசை. மஞ்சள் சிலந்தி. பூச்சி வகையிலேயே சேராது, எட்டுக் கால்.

அவர் சொன்னதைச் சுருக்கிச் சொல்கிறேன். இலைப்பேன் சாறு உறிஞ்சினால் இலை ஓரம் மேல்நோக்கி மடிந்து தோணி மாதிரி நிற்கும். மஞ்சள் சிலந்தி என்றால் கவிழ்த்த தோணி, இலை கீழ்நோக்கி மடியும், காம்பு நீண்டு எலிவால் மாதிரி ஆகும். பேனுக்கு அடிக்கிற பல மருந்துகள் சிலந்தியை ஒன்றும் செய்யாது. அதிலும் சில மருந்து, சிலந்தியைத் தின்கிற நல்ல பூச்சிகளைக் கொன்றுவிடும். தின்ன ஆள் இல்லாமல் சிலந்தி பல மடங்கு பெருகும். என் தோட்டத்தில் நடந்ததும் அதுவாகத்தான் இருக்கும் என்றார்.

அப்புறம் அந்தப் புழுப் படத்தைக் காட்டினேன். பார்த்ததும், "இதையா கொன்னீங்க?" என்றார். அது பொறிவண்டின் குஞ்சாம். செடியின் சாற்றை உறிஞ்சுகிற அசுவினிப் பூச்சியை ஒரு நாளைக்கு எத்தனையோ தின்று தீர்க்கிற உயிர், நம் பக்கம் நின்று வேலை செய்கிறது. கத்தரி இலையைச் சுரண்டித் தின்னும் புள்ளி வண்டு ஒன்று உண்டு, அதுவும் அதே குடும்பம்தான், ஆனால் அதன் புழு மஞ்சளாக, உடம்பெல்லாம் முள்ளாக இருக்கும். இரண்டும் வேறு என்று படத்தைப் பக்கத்தில் வைத்துக் காட்டினார். காசு கொடுத்து என் தோட்டத்துக் காவல்காரனை நானே கொன்றிருக்கிறேன்.

பாட்டிலையும் பார்த்தார். 1968ஆம் வருஷத்துப் பூச்சிக்கொல்லிச் சட்டப்படி பதிவு எண் இருக்க வேண்டும், இல்லை. தயாரித்த தேதி, காலாவதித் தேதி இல்லை. எவ்வளவு விஷம் என்று காட்டுகிற கலர் முக்கோணம் இல்லை. என்ன மருந்து கலந்திருக்கிறது என்பதும் இல்லை. பில்லை எடுத்துப் பார்த்தால் 'பயிர் வளர்ச்சி ஊக்கி' என்று போட்டிருக்கிறான். பூச்சி மருந்து என்று ஒரு வார்த்தை கிடையாது. முகம் எரிந்ததைச் சொன்னேன். சோதனைக்கூடத்தில் பார்த்தால்தான் உறுதியாகச் சொல்ல முடியும், ஆனால் ஆர்கானிக் என்ற பெயரில் ரசாயனத்தைக் கலந்து விற்கிறவர்கள் இருக்கிறார்கள் என்றார்.

அன்று மத்தியானமே அந்தப் பையனைக் கூப்பிட்டேன். எடுத்தான். விஷயத்தைச் சொன்னதும் குரல் மாறிவிட்டது. "சார், நீங்க வெயில்ல அடிச்சிருப்பீங்க" என்றான். அண்ணாச்சி போய் சார் ஆகிவிட்டேன். சாயங்காலம் ஐந்து மணிக்குத்தான் அடித்தேன் என்றேன். "அப்ப உங்க தண்ணி உப்பா இருக்கும் சார்." அதே தண்ணீரைப் பற்றித்தானே முதல் நாள் விசாரித்து 'அருமையான தண்ணி' என்றாய் என்று கேட்டேன். "மேலிடத்துல பேசுங்க சார்" என்று வைத்துவிட்டான்.

மேலிடம் என்றால் ஒரு நம்பர். இருபது நிமிடம் பாட்டுப் போடும், பிறகு ஒரு பெண் இந்தியில் பேசும். தமிழ் வேண்டும் என்றால் மறுபடி பாட்டு. மூன்றாம் நாள் தமிழ் பேசுகிற ஒருவர் கிடைத்தார். புகார் எண் கொடுத்தார், 72 மணி நேரம் என்றார். ஐந்தாம் நாள் அந்த எண்ணைச் சொன்னால், "அது மூடப்பட்டுவிட்டது, நீங்கள் திருப்தி என்று தெரிவித்திருக்கிறீர்கள்" என்கிறார். நான் எங்கே திருப்தி என்றேன்? 7,460 ரூபாயையும் தோட்டத்தையும் கொடுத்தவன் திருப்தி என்பானா? அடுத்த தடவை, "பூச்சியைச் சொன்னது கம்ப்யூட்டர், அதற்கு நாங்கள் பொறுப்பில்லை, ஆப்பில் எழுதியிருக்கிறது" என்றார்கள். அப்படியானால் என் வீட்டு நிலவரமெல்லாம் விசாரித்து மருந்தை விற்றது யார்? பையனின் வாட்ஸ்அப்பில் இப்போது படமும் தெரியவில்லை, அனுப்புவதெல்லாம் ஒற்றை டிக்கோடு நிற்கிறது.

செடியைக் காப்பாற்றிப் பார்க்கலாம், கவாத்து செய்து, அதாவது நுனிக் கிளைகளை வெட்டிவிட்டு, நனையும் கந்தகம் (தண்ணீரில் கலக்கி அடிக்கிற கந்தகத் தூள்) அடித்தால் புதுத்தளிர் வரும் என்று அந்த அலுவலர் சொன்னார். கிணற்றில் தண்ணீர் இறங்கிவிட்டது, இன்னும் இரண்டு மாசம் ஓட்ட முடியாது. அதனால் பிடுங்கிவிட்டேன்.

மற்றவர்களுக்கு என்ன செய்யலாம் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது மனசு ஓடவில்லை. மனதில் நிற்பதை மட்டும் சொல்கிறேன். இலை மேலே மடிகிறதா கீழே மடிகிறதா என்று முதலில் பாருங்கள். வெள்ளைத் தாளைக் கீழே பிடித்துக் கொழுந்தைத் தட்டுங்கள், ஊர்ந்து ஓடுவது கண்ணுக்குத் தெரிந்தால் பெரும்பாலும் பேன், தெரியாவிட்டால் லென்ஸ் வேண்டும். பெயர் தெரியாமல் எந்தப் புழுவையும் கொல்லாதீர்கள். வேப்பங்கொட்டைச் சாறு, நூறு லிட்டருக்கு ஐந்து கிலோ பருப்பு, அதை வீட்டிலேயே செய்யலாம். கந்தகத்தைக் கடும் வெயிலில் அடிக்காதீர்கள், வேப்பெண்ணெய் அடித்த இரண்டு வாரத்துக்குள்ளும் வேண்டாம். பதிவு எண் இல்லாத பாட்டிலைக் கையால் தொடாதீர்கள், பில்லில் என்ன எழுதியிருக்கிறது என்று பணம் கொடுக்கும் முன் கேளுங்கள். சந்தேகம் என்றால் 1800-180-1551 விவசாயிகளுக்கான இலவச நம்பர், தமிழில் பேசுவார்கள். ஏமாந்துவிட்டால் நுகர்வோர் உதவிக்கு 1915.

நான் 1915இல் புகார் கொடுத்துவிட்டேன். மீதி மருந்தைக் கொட்டவில்லை, மூடியை டேப் சுற்றி மோட்டார் ரூமில் உயரத்தில் வைத்திருக்கிறேன். வருகிற திங்கள்கிழமை தென்காசி கலெக்டர் ஆபீஸில் மனு கொடுக்கப் போகிறேன். பச்சை இலையும் பசுமாடும் போட்ட பாட்டில், 'பயிர் வளர்ச்சி ஊக்கி' என்று பில், இப்படி வாங்கினவர்கள் ஆலங்குளம், பாவூர்சத்திரம், கடையம் பக்கம் யாராவது இருந்தால் பாட்டிலையும் பில்லையும் தூக்கிப் போடாமல் வைத்திருங்கள். திங்கள்கிழமை ஒன்பது மணிக்கு நான் வாசலில் நிற்பேன், சேர்ந்தே உள்ளே போவோம்.