கதவின் கண்ணைத் துடைத்த ஆறு ஆண்டுகள்

காரைதீவில் கடற்கரைக்கு அண்மையாக வீடு கட்டிக்கொண்டிருக்கும் நண்பர் ஒருவர், வாகனக் கொட்டகையின் ரோலர் கதவுக்கு எந்த மோட்டாரைப் பூட்டலாம் என்று கடந்த வாரம் தொலைபேசியில் கேட்டார். அவர் கேட்ட நேரம் நல்ல நேரமன்று. என் கதவு பாதிவரை இறங்கி, எதையோ மறந்துவிட்டதைப் போல மீண்டும் மேலே போய் நின்றுவிட்டிருந்தது. நான் அலுவலக உடுப்போடு நிலத்தில் குந்தியிருந்து அதன் கண்ணை, அதாவது குறுக்கே எதுவும் வந்தால் கதவைத் திருப்பும் உணரியை, ஈரச் சீலையால் துடைத்துக்கொண்டிருந்தேன். அப்போது அவருக்குச் சொன்ன பதிலில் நியாயம் குறைவாகவும் கோபம் கூடுதலாகவும் இருந்தது. ஆகவே, ஆறு ஆண்டுகள் இந்தக் கருவியோடு வாழ்ந்ததில் அறிந்தவற்றை ஆறுதலாக இருந்து எழுதுகிறேன்.

என் வீடு மட்டக்களப்பின் கல்லடியில் இருக்கிறது. கிழக்கே ஏறத்தாழ முந்நூறு மீற்றரில் கடல், மேற்கே வாவி. உப்புக் காற்றுக்கு எந்தப் பக்கத்திலும் தடையில்லை. கதவு கிழக்குப் பார்த்தது. அந்தத் தவறு என்னுடையது, அதற்குப் பிறகு வருகிறேன். 2019 இல் மோட்டார் வாங்கப் போனபோது கடையில் மூன்று வகைகளைக் காட்டினார்கள். ஒன்று, கதவின் உருளைக்குள்ளேயே நுழைந்து உட்காரும் குழாய் வடிவ மோட்டார். மலிவானது, வெளியே தெரியாது, ஆனால் சில நிமிடங்கள் தொடர்ந்து ஓடினால் சூடேறித் தானாக நின்றுவிடும், அவர்கள் காட்டியது ஆடலோட்டத்தில் (ஏசி) மட்டுமே இயங்கும். இரண்டாவது, கடைகளின் சட்டருக்குப் பூட்டும் சங்கிலி மோட்டார்; வீட்டுக் கதவுக்கு அது யானையைக் கட்டித் தேங்காய் பறிப்பதற்குச் சமம். மூன்றாவது, உருளையின் பக்கத்தில் பூட்டும் 24 வோல்ற் நேரோட்ட (டிசி) மோட்டார். இரண்டு 12 வோல்ற் மின்கலங்களை அதனோடு சேர்த்து வைக்கலாம். நான் வாங்கியது மூன்றாவதை.

வாங்கியதற்கு முதற் காரணம் மின்வெட்டு. அதைவிட ஆழமான காரணம் ஒன்றும் இருந்தது. 2004 மார்கழியைக் கண்ட கரை இது. 2012 ஏப்ரல் 11 அன்று சுமாத்திரா நிலநடுக்கத்தின் பின்னர் சுனாமி எச்சரிக்கை வந்தபோதும் கடலோரச் சனம் எல்லாம் வீட்டைப் போட்டுவிட்டுப் புறப்பட்டது. அப்படியான ஒரு வேளையில் மின்சாரம் இல்லை என்பதற்காக வாகனம் கதவுக்குப் பின்னால் அடைபட்டுக் கிடக்குமானால், அந்தக் கதவு இந்த ஊருக்கு உதவாது. எனவே மோட்டாரை விடுவிக்கும் கயிற்றை இழுத்துவிட்டு என் மனைவி ஒரு கையால் கதவைத் தூக்க முடிகிறதா என்பதைப் பார்த்த பின்னரே மீதிப் பணத்தைக் கொடுத்தேன். நண்பரும் இதையே செய்ய வேண்டும். மோட்டாரை விடுவித்து, கதவைப் பாதி உயரத்தில் நிறுத்திக் கையை எடுங்கள். அது அங்கேயே நின்றால் உருளைக்குள் இருக்கும் ஸ்பிரிங் சரியான இறுக்கத்தில் இருக்கிறது என்று பொருள். சட்டென்று விழுந்தால், அந்தப் பாரத்தை எல்லாம் நாளாந்தம் மோட்டார்தான் சுமக்கப்போகிறது. பிறகு மோட்டாரைத் திட்டுவதில் பயனில்லை.

மோட்டாரைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. மெல்லத் தொடங்கி மெல்ல நிற்கிறது. விடியற்காலையில் திறந்தாலும் அடுத்த அறையில் படுத்திருப்பவர் எழும்புவதில்லை. 2022 மார்ச் மாத இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்சாரம் நின்ற காலத்தில், ஒழுங்கையில் இருந்த எல்லோரும் தங்கள் கதவுகளைத் தோளால் தூக்கிக்கொண்டிருக்க, என் கதவு மட்டும் ரிமோட்டுக்குக் கீழ்ப்படிந்தது. அந்த நாட்களில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது என்பதை ஒளிக்க மாட்டேன். மின்கலங்கள் முழுமையாக ஏறுவதற்கு இடமில்லாமல் அந்த ஆண்டிலேயே நலிந்து, அடுத்த ஆண்டு மாற்ற வேண்டியதாயிற்று. ஈய-அமில மின்கலத்தை வெறுமையாக விட்டுவைத்தால் அது அப்படித்தான் ஆகும், கருவி மீது பழி இல்லை.

பழி முழுவதும் கண்ணுக்கே உரியது.

அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: கதவின் இரு பக்கத்திலும் நிலத்தில் இருந்து ஏறத்தாழ 15 சென்ரிமீற்றர் உயரத்தில் இரண்டு சிறிய பெட்டிகள் இருக்கும். ஒன்று கண்ணுக்குத் தெரியாத செந்நிறக்கீழ்க் கதிரை அனுப்பும், மற்றது அதைப் பெறும். கதவு இறங்கும்போது அந்தக் கதிரை யாரேனும் மறித்தால் கதவு உடனே மேலே திரும்பிவிடும். பிள்ளையோ பூனையோ நசுங்காமல் இருப்பதற்காக வைத்த ஏற்பாடு. அதன் நோக்கத்தோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் என் வீட்டில் அந்தக் கதிரை மறிப்பது பிள்ளையும் இல்லை, பூனையும் இல்லை, உப்பு. கண்ணின் முகத்தில் பால் ஆடையைப் போல ஒரு மெல்லிய படலம் படிகிறது. பகலில் அது காய்ந்து வெளுத்திருக்கும். இரவில் ஈரமாகிப் பிசுபிசுக்கும். சோடியம் குளோரைட்டு காற்றின் ஈரப்பதன் 75 சதவீதத்தை அண்மித்ததும் காற்றில் உள்ள நீரை இழுத்துக் கரையத் தொடங்கும். கடலுப்பில் கலந்திருக்கும் மகனீசியம் குளோரைட்டு அதைவிட மிகக் குறைந்த ஈரத்திலேயே அதைச் செய்யும். நம் கரையில் இரவில் அவ்வளவு ஈரத்துக்குப் பஞ்சமே இல்லை. அந்தப் பிசுபிசுப்பில் மணலும் வந்து ஒட்டிக்கொள்கிறது.

மழைக்காலத்தில்தான் தொல்லை கூடும் என்று நானும் நினைத்திருந்தேன். ஆனால் ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை பெய்யும்போது என் கதவு ஒப்பீட்டளவில் ஒழுங்காக இருக்கிறது. தையும் மாசியும்தான் கொடியவை: மழை குறைந்துவிடும், வாடைக்காற்று மட்டும் கடலைக் கடைந்து கொண்டுவந்து சுவரில் அப்பிக்கொண்டிருக்கும், கழுவிவிட மழை வராது. மழை நனைக்கும் வெளிக் கேற்றை விட, கூரையின் கீழே மழை படாமல் இருக்கும் கதவின் உட்புற ஓரங்கள் கூடுதலாகத் துருப்பிடித்ததற்கும் இதுதான் காரணம். நிழலில் இருக்கும் இரும்புக்குக் கவலை இல்லை என்று நண்பர் நினைத்துக்கொண்டிருந்தால் அதை மாற்றிக்கொள்ளட்டும்.

பெட்டியின் மேல் ஐபி 54 என்று பொறித்திருக்கிறது. தூசுக்கும் எல்லாத் திசையில் இருந்தும் தெறிக்கும் தண்ணீருக்கும் தாங்கும் என்பது அதன் பொருள். அந்தச் சோதனையில் தெறிப்பது நல்ல தண்ணீர். உப்புக்கு வேறு சோதனை இருக்கிறது. 5 சதவீத உப்புக் கரைசலை 35 பாகை செல்சியஸில் மணிக்கணக்காகத் தெளித்துப் பார்ப்பார்கள். நான் வாங்கிய பொருளின் கையேட்டில் அதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. கடையில் கேட்டபோது, ஐபி எண்ணையே மீண்டும் வாசித்துக் காட்டினார்கள்.

இதற்குள் இன்னொரு சிக்கலும் ஒளிந்திருந்தது. அதைக் கண்டுபிடித்தவர் திருத்துவதற்கு வந்தவர் அல்லர், என் தாயார். மார்கழி மாதத்தில் ஒரு காலை, நான் துடைத்துத் துடைத்துக் களைத்திருந்தபோது, "வெயில் எறிச்சாத்தான் மனே இது சண்டித்தனம் பண்ணுது, மப்பா இருந்தா ஒழுங்கா இறங்குது" என்றார். கவனித்துப் பார்த்தால் உண்மைதான். கதிரைப் பெறும் கண் வடக்குத் தூணில் தெற்கு நோக்கிப் பூட்டப்பட்டிருந்தது. அந்த மாதங்களில் சூரியன் தென்கிழக்கில் எழும்புவதால், திறந்த கதவு வழியாக இளவெயில் நேரே அந்தக் கண்ணுக்குள் விழுந்து, உப்புப் படலத்தில் சிதறி, மெல்லிய கதிரை அடையாளம் தெரியாமல் ஆக்கிவிட்டது. இரண்டு கண்களையும் இடம்மாற்றி, பெறும் கண் வடக்கைப் பார்க்கும்படி வைத்தோம். தொல்லை பாதியாகக் குறைந்தது. பூட்டும்போதே செய்திருக்க வேண்டியதை மூன்று ஆண்டுகள் கழித்து, அதுவும் ரிமோட்டைக் கையில் தொட்டறியாத ஒருவர் சொல்லிச் செய்தோம்.

மீதிப் பாதியில் என் பங்கும் இருக்கிறது. நான் அந்தக் கண்களையும் கதவையும் கழுவியது எங்கள் கிணற்றுத் தண்ணீரால். ஆனி, ஆடியில் அந்தத் தண்ணீர் நாக்கில் வைத்தாலே சிறிது கரிக்கும். உப்பை உப்புத் தண்ணீரால் கழுவிக்கொண்டு, ஏன் வெளுக்கிறது என்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். இப்போது உன்னிச்சைக் குளத்தில் இருந்து வரும் குழாய்த் தண்ணீரைத்தான் இதற்கு எடுக்கிறேன். துடைக்கும் இடைவெளி மூன்று நாளில் இருந்து ஒன்பது, பத்து நாளாக நீண்டிருக்கிறது. கண்ணுக்கு மேல் இரண்டு அங்குலப் பிவிசி குழாய்த் துண்டைத் தொப்பியாகச் செருகியும் பார்த்தேன். உப்பு குறைந்தது. குழாய்க்குள் சிலந்தி வலை கட்டியது. கதவு மீண்டும் மேலே போனது.

போன ஆண்டு வந்த திருத்துநர் இதற்கு எளிதான வழி ஒன்றைச் சொன்னார்: "கண்ணக் கழட்டி உட்டா ஒரு பிரச்சினையும் இல்ல சேர்." வேண்டாம் என்றேன். தலையாட்டினார், வேலை செய்தார், காசை வாங்கிக்கொண்டு போனார். அதன்பிறகு மூன்று நாட்கள் கதவு பட்டுப்போல இறங்கியது. எனக்கு மாதத்துக்கு ஒருமுறை கதவின் கீழே உரிக்காத தேங்காய் ஒன்றை வைத்துச் சோதித்துப் பார்க்கும் பழக்கம் உண்டு. நான்காம் நாள் வைத்தேன். கதவு நேரே இறங்கித் தேங்காயை அமுக்கி, மோட்டாரின் தள்ளுவிசை எல்லையைத் தொட்ட பின்னரே திரும்பியது. பெட்டியைத் திறந்தால், எதுவும் மறிக்கவில்லை என்று மோட்டார் எப்போதும் நம்பும்படி, கண்ணின் கம்பிகள் இரண்டும் ஒன்றாக முறுக்கப்பட்டிருந்தன. பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு மூன்று வயது. பந்து எங்கள் கொட்டகைக்குள் உருண்டால் குனிந்து ஓடிவருவான். அன்று அந்த மனிதரோடு நான் பேசிய தமிழை இங்கே எழுத முடியாது. முறுக்கைப் பிரித்தேன், துடைக்கும் சீலையை மீண்டும் கையில் எடுத்தேன்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கதவுத் தகடு 55 சதவீதம் அலுமினியம் கலந்த சிங்-அலும் பூச்சுடையது. வெட்டிய ஓரங்களைத் தவிர நன்றாக இருக்கிறது. கண்ணைத் தாங்கும் அலுமினியத் தகட்டில் ஸ்டெயின்லெஸ் திருகாணியை நேரடியாக முறுக்கியிருந்தார்கள். இரு உலோகமும் உப்பும் சேர்ந்ததில், ஆணியைச் சுற்றி அலுமினியம் வெள்ளை மாவாக உதிர்ந்தது, ஆணி மட்டும் புதிதாக மின்னியது. இடையில் நைலோன் வளையம் போட்டால் இது குறையும். ஸ்டெயின்லெஸ் ஆணி வாங்கும்போது 304 இலக்கத்தை விட்டு 316 ஐக் கேளுங்கள், அதில் மொலிப்தீனம் இருப்பதால் கடலுப்புக்குக் கூடுதலாகத் தாங்கும். பக்கத் தண்டவாளத்தில் கிறீஸ் பூசாதீர்கள். மணல் ஒட்டி அரத்தாள் போல் ஆகிவிடும், சிலிக்கன் தெளிப்பே நல்லது. கட்டுப்பாட்டுப் பெட்டிக்குள் ஒருமுறை சிற்றெறும்பு குடியேறியது. ரிமோட்டின் மின்கல முனை பச்சை பூத்தது, சுரண்டினேன், சரியாயிற்று.

இனி நண்பரின் கேள்விக்கு வருகிறேன். மோட்டார் அருமையானது, மின்கலம் காலத்தில் கைகொடுத்தது, கதவு அழகாக இறங்குகிறது, குறைகளில் பாதி நானே வரவழைத்தவை. இவ்வளவும் சொன்ன பிறகும், நீங்கள் இதை வாங்க வேண்டாம் என்றே சொல்வேன். உங்கள் கொட்டகை கடலைப் பார்த்து நிற்கிறது. அத்திவாரம் போட்டாயிற்று, இனித் திருப்ப முடியாது. ஸ்பிரிங்கை ஒழுங்காக இறுக்கிய கதவொன்றைக் கையால் தூக்கினால் அரை நிமிடம்கூட ஆகாது. கண்ணைத் துடைக்க நாலு நிமிடம் வேண்டும். நாரி நோவு தனி. அந்த வாயில் ஒழுங்கைப் பக்கம் இருந்திருந்தால் இதே மோட்டாரை இன்றைக்கே வாங்கச் சொல்லியிருப்பேன்.

உங்களுக்கு இதைச் சொல்லிவிட்டு, எனக்குப் புதிய கண் சோடி ஒன்றுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். வியாழக்கிழமை வருகிறது. இம்முறை தூணின் கடலோரப் பக்கத்தில் பூட்டாமல் ஒரு சாண் உள்ளே தள்ளிப் பூட்டப்போகிறேன். "அதுக்கும் சீலை எடுத்து வைக்கட்டா மனே?" என்று தாயார் இப்போதே கேட்கிறார்.