மூன்று வருட பைபர் இணைப்பும் 94 என்கிற எண்ணும்

"பைபர் போடலாமா, சொன்ன வேகம் வருமா?" என்று நண்பர் ஒருவர் கேட்டார். போன வாரம்தான் என் இணைப்பைச் சரிசெய்தேன். சூடு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

மூன்று வருடமாக 300 எம்பிபிஎஸ் (நொடிக்கு 300 மெகாபிட்) பிளான். லைனைக் குறை சொல்ல மாட்டேன். மழையோ காற்றோ, ஒருநாளும் அறுந்ததில்லை. வீடியோ கால் நடுவில் நின்றதில்லை. ஆனால் ஸ்பீட் டெஸ்ட் போட்டால் 94. காலையில் 94, நள்ளிரவில் 94, ரவுட்டருக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்தாலும் 94.

கஸ்டமர் கேரில் எப்போதும் ஒரே பதில்: "வைஃபை அப்படித்தான் சார், சுவர் தடுக்கும்." அது பொய்யில்லை. 2.4 கிகாஹெர்ட்ஸில் அக்கம்பக்கத்து ரவுட்டர்கள் எல்லாம் முட்டி மோதும். 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, ஆனால் இரண்டு சுவர் தாண்டினால் துவண்டுவிடும். அப்புறம், டவுன்லோட் ஓடும்போது திரையில் தெரிவது பெரும்பாலும் மெகாபைட் கணக்கு. எட்டு பிட் சேர்ந்தால்தான் ஒரு பைட் என்பதால், 300-ஐ எட்டால் வகுத்தால் 37.5தான் வரும். எல்லோரும் படம் பார்க்க உட்காரும் நேரத்தில் வேகம் இறங்கலாம். ஜிபான் என்கிற பைபர் முறையில் சுமார் 2.5 ஜிபிபிஎஸ் (2,500 எம்பிபிஎஸ்) வரும் ஒரே இழையை 32 வீடோ 64 வீடோ கூடப் பங்குபோட்டுக்கொள்ளும். சரி, எல்லாம் உண்மை. ஆனால் இவையெல்லாம் வேகத்தை ஏற்றி இறக்குமே தவிர, ஒரே எண்ணில் ஆணி அடித்து நிறுத்தாது. இதைத்தான் ஒவ்வொரு முறையும் சொன்னேன். காதில் வாங்க ஆளில்லை.

கடைசியில் ரவுட்டரின் செட்டிங்ஸ் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். இணையம் உள்ளே வரும் வான் போர்ட்டில் 100 எம்பிபிஎஸ் என்று இருந்தது. அங்கேதான் பிடி கிடைத்தது. 100 எம்பிபிஎஸ் ஈதர்நெட்டில், அதாவது லேன் கேபிள் வழி இணைப்பில், ஒவ்வொரு பாக்கெட்டோடும் (தரவுத் துண்டோடும்) போகும் முகவரி விவரங்களைக் கழித்தால் கையில் மிஞ்சுவது கிட்டத்தட்ட 94. கிகாபிட் வேகம் (1000 எம்பிபிஎஸ்) ஓட லேன் கேபிளின் எட்டுக் கம்பிகளும் வேண்டும். நான்குதான் என்றால் 100-க்கு இறங்கிவிடும். பைபர் வந்து முடியும் ஓஎன்டி பெட்டியிலிருந்து ரவுட்டர் வரை முதல் நாளே அவர்கள் இழுத்துவிட்ட கேபிளைக் கழற்றி, முனையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். நான்கே கம்பி. எட்டுக் கம்பி கேபிள் ஒன்றை வாங்கிச் செருகியதும் 287 வந்தது.

அதாவது, அவர்களுடைய பைபர் மூன்று வருடமும் முழு வேகத்தையும் என் வாசல்வரை கொண்டுவந்திருக்கிறது. வீட்டுக்குள் அவர்களே போட்ட சில மீட்டர் கேபிள் அதில் மூன்றில் இரண்டு பங்கை நிறுத்திவைத்திருக்கிறது. அத்தனை கம்ப்ளெயின்ட்டிலும் ஒருவர்கூட கேபிளைப் பற்றிக் கேட்கவில்லை.

இப்போது லைன் அருமையாக ஓடுகிறது. இருந்தாலும் நண்பரிடம் இந்த நிறுவனம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். யாரிடம் வாங்கினாலும், டெக்னீஷியன் கிளம்புவதற்கு முன் கேபிள் முனையில் எட்டுக் கம்பி இருக்கிறதா என்று எண்ணிப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். என் பிளான் முடிந்ததும் நானும் மாறுகிறேன்.