டேட்டாபேஸ் மணி பார்க்கும் செலவு: எந்த வழியில் குறைப்பது?

போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸின் ஆவணத்தில் ஒரு உதாரணம் உண்டு. இன்டெல் ஐ7-860 கணினியில் லட்சத்துச் சொச்சம் வரிசைகளை எண்ணும் குவெரி (டேட்டாபேஸிடம் கேட்கும் கேள்வி) 9.8 மில்லிசெகண்டில் முடிகிறது. அதையே எக்ஸ்பிளெய்ன் அனலைஸ் (குவெரியின் ஒவ்வொரு படிக்கும் ஆகும் நேரத்தை அளந்து காட்டும் கட்டளை) போட்டு ஓட்டினால் 16.6. கர்னலின் (இயங்குதளத்தின் மையப் பகுதி) கிளாக்சோர்ஸை, அதாவது அது நேரம் படிக்கும் மூலத்தை, ஏசிபிஐ பிஎம் டைமர் என்ற வன்பொருள் கடிகாரத்துக்கு மாற்றிவிட்டு ஓட்டினால் 115.9! குவெரி அதே, தரவும் அதே. கூடியதெல்லாம் ஒவ்வொரு வரிசைக்கும் மணி பார்த்த செலவு.

இதைக் குறைக்க நான்கு வழிகள் இருக்கின்றன. என் ஓட்டு முதல் வழிக்கு.

முதல் வழி, கிளாக்சோர்ஸை டிஎஸ்சிக்குக் கொண்டுவருவது. டிஎஸ்சி என்பது சிபியுவுக்குள்ளேயே ஓடும் எண்ணி (கவுன்ட்டர்). லினக்ஸ் அதை விடிஎஸ்ஓ (கர்னலுக்குள் போகாமலே நேரம் படிக்கும் குறுக்குவழி) வழியாகப் படிக்க விடுவதால் சிஸ்டம் கால், அதாவது கர்னலை அழைக்கும் வேலை, தேவையில்லை. மேலே சொன்ன கணினியில் ஒரு முறை படிக்க ஏறக்குறைய 36 நானோசெகண்ட்தான். எச்பிஇடி (இன்னொரு வன்பொருள் கடிகாரம்), ஏசிபிஐ பிஎம் இரண்டும் சிபியு கோருக்கு வெளியே இருப்பவை. ஒவ்வொரு முறையும் கர்னலுக்குள் போய், அந்த வன்பொருளைத் தொட்டுவிட்டுத் திரும்ப வேண்டும். ஸென் என்ற மென்பொருளில் ஓடிய பழைய மெய்நிகர் கணினிகளிலும் இதே மாதிரி ஒரு சிக்கல் இருந்தது: ஸென் கிளாக்சோர்ஸுக்கு விடிஎஸ்ஓ குறுக்குவழி இல்லாததால் ஒவ்வொரு கேள்வியும் நிஜ சிஸ்டம் கால் ஆனது. கேவிஎம் என்ற இன்னொரு மெய்நிகர் மென்பொருளின் கிளாக்குக்கு அந்தக் குறை இல்லை.

கண்டுபிடிப்பதும் சுலபம். டேட்டாபேஸ் ப்ராசஸ் மீது எஸ்ட்ரேஸ் (சிஸ்டம் கால்களைப் பட்டியலிடும் கருவி) ஓட்டிப் பாருங்கள். விடிஎஸ்ஓ வேலை செய்தால் மணி கேட்கும் அழைப்புகள் அதில் தெரியவே தெரியாது. வரிவரியாக கிளாக் கெட்டைம் (மணி கேட்கும் அழைப்பு) வந்து கொட்டினால் வியாதி அங்கேதான். போஸ்ட்கிரெஸ் கூடவே வரும் பிஜி டெஸ்ட் டைமிங் கருவி எத்தனை நானோசெகண்ட் என்றும் சொல்லிவிடும்.

ஒரு எச்சரிக்கை. டிஎஸ்சி நிலையானதல்ல என்று கர்னல் தானாகவே ஒதுக்கியிருந்தால், காரணம் தெரியாமல் அதைத் திணிக்காதீர்கள். கோர்களுக்கு இடையே எண்ணி பிசகினால் நேரம் பின்னோக்கிப் போகலாம். மெதுவான மணியைப் பொறுத்துக்கொள்ளலாம், தப்பான மணியை டேட்டாபேஸ் தாங்காது.

இரண்டாவது, கோர்ஸ் (தோராயமான) கடிகாரம். லினக்ஸ் 2.6.32 முதல் இருக்கிறது. கடைசி டிக்கில் (கர்னல் சீரான இடைவெளியில் நேரத்தைப் புதுப்பிக்கும் தருணம்) குறித்துவைத்த நேரத்தை அப்படியே எடுத்துக் கொடுக்கும். வன்பொருளைத் தொடாததால் மிக வேகம். ஆனால் கர்னல் நொடிக்கு 250 டிக் என்றால் துல்லியம் 4 மில்லிசெகண்ட். டைம்அவுட் பார்க்க, லாக்கில் நேரம் போட இது தாராளம். குவெரியை அளக்க மட்டும் வேண்டாம்: அரை மில்லிசெகண்டில் முடியும் வேலைக்குப் பெரும்பாலும் பூஜ்யம் காட்டும், சில சமயம் 4 காட்டும்.

மூன்றாவது, நிரலே ஆர்டிடிஎஸ்சி என்ற சிபியு கட்டளையால் டிஎஸ்சி எண்ணியை நேரடியாகப் படிப்பது. மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸில் உள்ள பெர்ஃபார்மன்ஸ் ஸ்கீமா என்ற அளவீட்டுப் பகுதி காத்திருப்புகளை இப்படி சிபியு சைக்கிள் கணக்கில் அளக்கிறது. டேட்டாபேஸ் எழுதுபவர்களுக்கு ஏற்ற வழி. நம்மைப் போல நடத்துபவர்களுக்கு இதில் வேலை இல்லை.

நான்காவது, கேட்பதையே குறைப்பது. ரெடிஸ் என்ற டேட்டாபேஸ் மணியை ஒரு முறை பார்த்துத் தன்னிடமே வைத்துக்கொண்டு பல இடங்களில் அதையே பயன்படுத்துகிறது. போஸ்ட்கிரெஸில் ட்ராக் ஐஓ டைமிங் (டிஸ்க்கில் படிக்க, எழுத ஆகும் நேரத்தை அளக்கும் அமைப்பு) இயல்பாகவே அணைந்திருப்பதும் இந்தச் செலவுக்குப் பயந்துதான். சர்வரின் கிளாக்சோர்ஸ் உங்கள் கையில் இல்லையா? எக்ஸ்பிளெய்ன் அனலைஸுடன் டைமிங் ஆஃப் சேர்த்து ஓட்டுங்கள். 9.2 பதிப்பிலிருந்து இந்த வசதி உண்டு. குவெரியின் ஒவ்வொரு நோடுக்கும் (படிக்கும்) நேரம் காட்டாது, அதனால் என்ன? மொத்த நேரமும் உண்மையான வரிசை எண்ணிக்கையும் கிடைக்கும். பிளானர் (குவெரியை எப்படி ஓட்டுவது என்று திட்டமிடும் பகுதி) 10 வரிசை என்று மதிப்பிட்ட இடத்தில் 80,000 வந்திருக்கிறதா என்று பார்க்க அது போதும்.