பல மைய ஆய்வுக்கு நெறிமுறை அனுமதி: ஒரே குழுவிடமா, ஒவ்வொரு குழுவிடமுமா?

ஒரே ஆய்வு, ஆறு நிறுவனங்கள். மனிதர்களை வைத்துச் செய்யும் ஆய்வு முறையானதா, பாதுகாப்பானதா என்று பார்த்து அனுமதி தருவது நெறிமுறைக் குழு. ஆறு நிறுவனத்தின் ஆறு குழுவிடமும் தனித்தனியாக அனுமதி வாங்குவதா, ஒரு குழு பார்த்துச் சொன்னதை மற்ற ஐந்தும் ஏற்பதா? இரண்டு முறையிலும் வேலை பார்த்திருக்கிறேன். என் ஓட்டு ஒற்றைக் குழுவுக்குத்தான், ஆனால் உள்ளூர் விஷயங்களைக் கைவிடாத ஒற்றைக் குழுவுக்கு.

தனித்தனி அனுமதியின் சிக்கல், பங்கேற்பவர் கையெழுத்துப் போடும் ஒப்புதல் படிவத்திலேயே தெரிந்துவிடும். எங்கள் படிவத்தில் "5 மில்லி ரத்தம் எடுப்போம்" என்று ஒரு வரி. "ஒரு தேக்கரண்டி அளவு என்று எழுதுங்கள், மக்களுக்குப் புரியும்" என்றது ஒரு குழு, நல்ல யோசனை. இல்லை, மில்லிக் கணக்குதான் வேண்டும் என்றது இன்னொன்று. மூன்றாவது குழு, மீதி ரத்தத்தை எத்தனை வருஷம் வைத்திருப்பீர்கள் என்று கேட்டது. மற்ற ஐந்தும் அதைக் கேட்கவே இல்லை. ஆக, ஒரே ஆய்வில் ஒரு மையத்தில் கையெழுத்துப் போட்டவருக்குத் தன் ரத்தம் எவ்வளவு காலம் ஃப்ரீசரில் இருக்கும் என்று தெரியும், மற்ற இடங்களில் போட்டவர்களுக்குத் தெரியாது. தாமதமும் இருந்தது; ஆறாவது அனுமதி வருவதற்குள் முதல் மையத்தில் வருடாந்தரப் புதுப்பிப்பு வந்துவிட்டது. ஆனால் என்னை உறுத்தியது அந்தப் படிவ வித்தியாசம்தான். குழுக்களின் எண்ணிக்கை கூடினால் பாதுகாப்பும் கூடும் என்ற நம்பிக்கை எனக்கு அங்கேயே போய்விட்டது.

ஒற்றைக் குழு முறையை அமெரிக்கா கட்டாயமாகவே ஆக்கியது. என்ஐஹெச் (அமெரிக்க அரசின் தேசிய சுகாதார நிறுவனங்கள்) பணத்தில் அந்நாட்டுக்குள் பல இடங்களில் ஒரே திட்டப்படி நடக்கும் ஆய்வுகளுக்கு 2018 ஜனவரியிலிருந்து, அரசு நிதி பெறும் பெரும்பாலான கூட்டு ஆய்வுகளுக்கு 2020 ஜனவரியிலிருந்து. இந்த முறையில் மூலப் படிவம் ஒன்றுதான், திருத்தம் வந்தால் எல்லா இடத்துக்கும் ஒரே நாளில் பொருந்தும். அப்புறம் இழுபறி எங்கே? நிறுவனங்களுக்கு இடையில் போடும் ஒப்பந்தத்தில். பாதிப்பு நேர்ந்தால் யார் யாருக்குத் தெரிவிப்பது, விதிமீறலை யார் விசாரிப்பது, பொறுப்பு யார் தலையில் என்று சட்டப் பிரிவுகள் மாறி மாறித் திருத்திக்கொண்டே இருப்பார்கள். ஸ்மார்ட் ஐஆர்பி (நெறிமுறைக் குழுவுக்கு அமெரிக்காவில் ஐஆர்பி என்று பெயர்) மாதிரி எல்லோரும் முன்கூட்டியே கையெழுத்திடும் பொது ஒப்பந்தம் வந்ததே இதனால்தான். அது இல்லையென்றால், ஆய்வுத் திட்டம் எழுதும்போதே ஒப்பந்த வேலையையும் ஆரம்பித்துவிடுங்கள்.

இன்னொன்று, குழு அனுமதி வேறு, நிறுவன அனுமதி வேறு. ஆஸ்திரேலியாவில் ஒரு குழுவின் முடிவை மற்ற மாநில அரசு மருத்துவமனைகள் ஏற்கும் தேசிய ஏற்பு முறையிலும், ஆட்கள், காப்பீடு, இடவசதியை ஒவ்வொரு மையமும் தனியாகப் பார்த்துத்தான் ஆய்வைத் தொடங்க விடும். இது தெரியாமல் "அனுமதி வந்தாச்சு" என்று ஆள் சேர்க்கத் தொடங்கினால் மாட்டிக்கொள்வோம்.

நடுவழியும் உண்டு. இந்தியாவில் ஐசிஎம்ஆரின் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) 2017 வழிகாட்டுதல்கள், குறிப்பாக ஆபத்து குறைந்த ஆய்வுகளில், ஒரு குழுவை முதன்மைக் குழுவாக வைத்து மற்றவை அதன் முடிவை ஏற்கலாம் என்கின்றன. உள்ளூர்க் குழுவுக்குத் தன் மையத்துக்கு உரியதைக் கேட்கும் உரிமை உண்டு. எனக்குப் பிடித்த ஏற்பாடு இதுதான், ஏனென்றால் தொலைவில் உட்கார்ந்திருக்கும் குழுவுக்குச் சில விஷயங்கள் தெரியவே தெரியாது: அந்த ஊரில் மக்கள் எந்த மொழியில் படிப்பார்கள், சிகிச்சை தரும் மருத்துவரே ஒப்புதல் கேட்டால் நோயாளியால் மறுக்க முடியுமா, படிவத்தில் உள்ள தொலைபேசி எண்ணை யாராவது எடுப்பார்களா.

ஆபத்து குறைந்த கேள்வித்தாள் ஆய்வு, பெயர் நீக்கிய தரவு என்றால் யோசிக்கவே வேண்டாம், ஒற்றைக் குழு. மருந்துச் சோதனை என்றாலும் ஒற்றைக் குழுதான், ஆனால் ஒவ்வொரு மையத்திலும் உள்ளூர் விவரங்களை எழுதித் தரும் ஒருவரைப் பெயர் சொல்லி நியமித்துவிட்டு. நள்ளிரவில் ஒரு பங்கேற்பாளருக்கு ஏதாவது ஆனால் முதலில் யாருக்குப் போன் போகும் என்பதற்கு ஆறு மையத்திலிருந்தும் பதில் வரும்வரை நான் விண்ணப்பத்தை அனுப்புவதில்லை.