டியூப் மூடியை யார் திறப்பது: கையா, ரேக் மெஷினா, லைனா, ஊசியா?

ரத்தப் பரிசோதனை லேபில், சென்ட்ரிஃபியூஜில் சுழற்றி எடுத்த சீரம் (ரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிந்த நீர்) டியூபை இடது கையில் பிடித்து, வலது கட்டைவிரலால் ரப்பர் மூடியைத் தள்ளினால் 'டப்' என்று ஒரு சத்தம் வரும். உள்ளே மிச்சமிருந்த வெற்றிடம் விடுபடும் சத்தம் அது. அதே நொடியில் மூடியின் அடியில் ஒட்டியிருந்த ரத்தம் பொடித்துளிகளாகச் சிதறும். கிளவுஸில் தெரிவது ஒன்றிரண்டு துளிதான். காற்றில் கலப்பது கண்ணுக்குத் தெரியாது.

ஒரு டியூபுக்கு 6 வினாடி என்று வைத்துக்கொண்டால், 600 டியூப் திறக்க ஒரு மணி நேரம் ஆகும். திரும்ப மூடுவது தனிக் கணக்கு. நேரத்தைவிட எனக்குக் கவலை தருவது அந்தக் கட்டைவிரல்தான். ஒரே அசைவை நாள் முழுக்கச் செய்தால் விரலின் அடியும் மணிக்கட்டும் வலிக்கத் தொடங்கும், அந்த வலி லீவு நாளிலும் விடாது. கையில் பிடித்துத் திறக்கும் சின்னக் கருவி விரலின் பாரத்தைக் கொஞ்சம் குறைக்கும். ஆனால் துளி சிதறுவது அப்படியேதான் இருக்கும்.

கையால் திறப்பதில் இன்னொரு ஆபத்து மூடி மாறிப்போவது. ஊதா மூடி டியூபில் இருப்பது ரத்தம் உறையாமல் தடுக்கும் பொட்டாசியம் இடிடிஏ. அந்த மூடி தவறிப்போய் சீரம் டியூபில் ஏறி, அதன் அடியில் ஒட்டியிருந்தது சீரத்தில் கலந்துவிட்டால் பொட்டாசியம் கூடுதலாகவும் கால்சியம் குறைவாகவும் தெரியும். நோயாளி நன்றாகவே இருப்பார். ரிப்போர்ட்டைப் பார்த்த டாக்டர்தான் பதறுவார்.

சரி, மெஷினுக்கு மாறலாம் என்று முடிவெடுத்தால் முன்னால் நிற்பவை மூன்று வழிகள்.

முதலாவது, ஒரு ரேக்கையே மொத்தமாகத் திறக்கும் மெஷின். திருகு மூடி போட்ட சேமிப்பு டியூபுகளுக்கு இதை மிஞ்ச எதுவும் இல்லை. 96 டியூபுகள் 9 மி.மீ. இடைவெளியில் வரிசையாக நிற்கும். மேலிருந்து 96 பிட்டுகள் (ஸ்க்ரூடிரைவர் போன்ற முனைகள்) ஒன்றாக இறங்கி, மூடிகளைச் சுழற்றி எடுத்து, அப்படியே பிடித்துக்கொண்டிருக்கும். சாம்பிள் எடுத்து முடித்ததும் ஒவ்வொரு மூடியும் தன் டியூபுக்கே திரும்பும், மாறிப்போக வழியே இல்லை. சின்ன அளவில் வேலை செய்பவர்களுக்கு 8 அல்லது 12 மூடி திறக்கும் கைக்கருவியே போதும்.

ஆனால் அந்த பிட் குறிப்பிட்ட மூடியின் பள்ளத்துக்காகவே செய்தது. டியூப் கம்பெனியை மாற்றினால் பிட்டையும் மாற்ற வேண்டியிருக்கும். -80 டிகிரி ஃப்ரீசரிலிருந்து வந்த ரேக்கில் அந்தப் பள்ளத்துக்குள் உறைபனி படிந்திருக்கும். அதைத் துடைக்காமல் வைத்தால் பிட் சரியாக உட்காராமல் வழுக்கி, பள்ளத்தைத் தேய்த்துவிடும். அப்புறம் அந்த மூடியைக் கையால்கூடத் திறப்பது கஷ்டம். 2020இல் கொரோனா டெஸ்ட் குவிந்தபோது ஸ்வாப் டியூபுகளை இப்படித் திறக்க நினைத்தவர்களுக்குத் தலைவலியாக இருந்தது இந்தக் கலப்புதான்: உயரம் ஒரு மாதிரி, மூடி ஒரு மாதிரி, அதோடு நீளமாக உடைத்த ஸ்வாப் குச்சி மூடியோடு சேர்ந்து மேலே வரும்.

இரண்டாவது, லைனில், அதாவது டியூபுகளை மெஷினிலிருந்து மெஷினுக்குக் கொண்டுபோகும் தானியங்கிப் பாதையில், ஒவ்வொரு டியூபாகத் திறக்கும் யூனிட். டியூபின் உடலை ஒரு பிடி பிடித்துக்கொள்ளும், இன்னொரு பிடி மூடியை இழுக்கும் அல்லது திருகும். 13 மி.மீ., 16 மி.மீ. டியூபுகள், ரப்பர் மூடி, திருகு மூடி என்று கலந்து வந்தாலும் சமாளிக்கும் மாடல்கள் இருக்கின்றன. இதன் பெரிய நன்மை, டெஸ்ட் செய்யும் மெஷினான அனலைசருக்குள் போவதற்குச் சற்று முன்பு திறப்பது. திறந்து வைத்த சீரத்திலிருந்து கார்பன் டை ஆக்சைடு வெளியேறும், பைகார்பனேட் அளவு இறங்கும், தண்ணீரும் ஆவியாகும். மொத்தமாகத் திறந்து வரிசையில் காக்க வைப்பதில் இந்த நஷ்டம் உண்டு.

லைனின் எதிரி லேபிள். நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் ஒரு நாள் காலை லைன் நின்றது. பழைய பார்கோடின் மேலேயே புதியதை ஒட்டியிருந்தார்கள், அதன் ஓரம் கிளம்பிப் பிடியில் மாட்டிக்கொண்டது. ஒரு டியூபை எடுக்கும்வரை பின்னால் நின்ற அத்தனை டியூபும் காத்திருந்தன. லைன் வாங்கினாலும் கையால் திறக்கும் ஏற்பாட்டை ஒழிக்காதீர்கள்.

மூன்றாவது, திறக்காமலே விடுவது. அனலைசரின் ஊசி ரப்பரைத் துளைத்து உறிஞ்சும். சிபிசிக்கும் (ரத்த அணுக்களை எண்ணும் டெஸ்ட்) ரத்தம் உறையும் நேரம் பார்க்கும் டெஸ்டுக்கும் என் ஓட்டு இதற்குத்தான். சிபிசி டியூபை உறிஞ்சுவதற்கு முன் தலைகீழாகக் கவிழ்த்துக் கலக்க வேண்டும், மூடி இருந்தால்தானே அது முடியும்? வேலை முடிந்ததும் அப்படியே ஃப்ரிட்ஜில் வைக்கலாம். குறை என்று பார்த்தால், ரப்பர் துணுக்கு ஊசியை அடைக்கலாம், ஒரே ஊசி எல்லா டியூபிலும் இறங்குவதால் முந்தைய சாம்பிளின் மிச்சம் அடுத்ததில் சேரலாம். கழுவும் சுற்று சரியாக இருந்தால் சிபிசிக்கு அது பெரிதில்லை. மரபணுவைப் பல மடங்காகப் பெருக்கிப் பார்க்கும் பிசிஆரில் கொஞ்சம் கலந்தாலே பொய்யான பாசிட்டிவ் வரும். அங்கே ஒவ்வொரு சாம்பிளுக்கும் புது டிப் (உறிஞ்சும் முனை) வேண்டும், பிளாஸ்டிக் டிப் ரப்பரைத் துளைக்காது. மெல்லிய ஃபாயில் பதித்த மூடியாக இருந்தால் துளைக்கும்.

ஆகவே மெஷின் பார்க்கப் போகிறவர்களிடம் நான் மணிக்கு எத்தனை டியூப் என்று கேட்பதில்லை. உங்களிடம் எத்தனை வகை மூடி வருகிறது, திறந்ததை மறுபடி மூட வேண்டுமா? இந்த இரண்டையும்தான் கேட்பேன். ஒரே வகை, மறுபடி மூட வேண்டும் என்றால் ரேக் மெஷின். பல வகை, எண்ணிக்கையும் அதிகம் என்றால் லைன். பல வகை, ஆனால் ஒரு நாளைக்கு நூறு டியூப்தான் என்றால் துளைக்கக்கூடியதைத் துளைத்துவிட்டு, மிச்சத்தைக் கைக்கருவியால் பாதுகாப்புக் கேபினட்டுக்குள் திறக்கலாம், அதில் எந்தக் குறைச்சலும் இல்லை.

டெமோவுக்கு உங்கள் டியூபுகளையே கொடுங்கள்: இரண்டு லேபிள் ஒட்டியது, யாரோ அழுத்தி இறுக்கியது, விளிம்புவரை நிரம்பியது. ஒரு மூடி திறக்காமல் போனால் மெஷின் அதைக் கண்டுபிடிக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் சில டியூபுகளில் ஃப்ளோரசின் சாயம் கலந்த தண்ணீரை நிரப்பி, பக்கத்தில் வெறும் தண்ணீர் டியூபுகளை வைத்துத் திறக்கச் சொல்லி, விளக்கை அணைத்து யுவி வெளிச்சத்தில் பாருங்கள். வெறும் தண்ணீர் டியூபின் வாயில் பச்சைப் புள்ளி மின்னினால், அந்த மெஷினை பிசிஆர் அறைக்குள் விடாதீர்கள்.