கம்பம் பக்கம் ஒரு சின்ன மகளிர் கல்லூரி: மகளுக்காகப் போய்ப் பார்த்தது

கேரள எல்லையில் மலைமேல் இருக்கிற குமுளியில் ஏலக்காய்க் கடையில் காய் பொறுக்கும் வேலை எனக்கு. மகளுக்கு பி.எஸ்ஸி. வேதியியல்தான் வேண்டும். கேரளாவில் 2024 முதல் டிகிரியை நான்கு வருஷமாக்கிவிட்டார்கள். மூன்று வருஷத்திலும் முடித்துக்கொண்டு வரலாம். ஆனால் சந்தேகத்தைத் தமிழில் கேட்டுத் தெளிகிற இடமாக இருக்கட்டும் என்பது அவள் ஆசை. பிளஸ் டூ பரீட்சை முடிந்த கையோடு, மார்ச் கடைசியில் மலை இறங்கினோம்.

என்னோடு வேலை செய்கிறவர்களில் பாதிப் பேர் கம்பம், கூடலூர் பக்கமிருந்து ஜீப்பில் வருகிறவர்கள். அதில் ஒருத்தியின் மகள் இந்தக் கல்லூரியில் இரண்டாம் வருஷம். "நல்லா சொல்லித் தர்றாங்கக்கா, நேர்ல வந்து பாருங்க" என்றாள்.

முந்தின வாரம் வேறொரு பெரிய கல்லூரிக்குப் போயிருந்தோம். பெயர் வேண்டாம். ஏசி ஹால், வழவழப்பான புத்தகம். லேப்பில் பியூரெட்டெல்லாம் (திரவத்தை அளந்து சொட்டுச் சொட்டாக விடுகிற கண்ணாடிக் குழாய்) அலமாரிக்குள் பூட்டிக் கிடந்தன, சிங்க் காய்ந்து போயிருந்தது. அசல் மார்க் ஷீட்டைக் கொடுத்துவிட்டுப் போங்கள், படிப்பு முடிந்ததும் தருகிறோம் என்றார்கள். அசலைச் சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தர வேண்டும், வைத்துக்கொள்ளக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி 2018லேயே சொல்லிவிட்டது. எழுந்து வந்துவிட்டோம்.

இந்தச் சின்னக் கல்லூரி திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவில் இருக்கிறது. லேப்பின் வெள்ளை ஓட்டு மேசையில் அங்கங்கே பழுப்புக் கறை. பெர்மாங்கனேட் கறை என்று மகள்தான் காட்டினாள். பிள்ளைகள் பிராக்டிகலுக்குப் பழகிக்கொண்டிருந்தார்கள். மகள் ஒரு பிளாஸ்க்கைத் தொட்டுப் பார்த்துவிட்டு, அங்கே நின்ற ஆசிரியையிடம், "ஆறிப்போச்சு டீச்சர், ஆக்ஸாலிக் ஆசிட்டைச் சூடு பண்ணணும்ல?" என்றாள். இங்கே எல்லாரும் மேடம் என்றுதான் கூப்பிடுகிறார்கள், 'டீச்சர்' என்றதும் பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள். அந்த ஆசிரியை பியூரெட்டை அவள் கையிலேயே கொடுத்து, "நீயே பண்ணிப் பாரு" என்றார். சொட்டுச் சொட்டாக விட்டு, இளஞ்சிவப்பு நிறம் நிலைத்து நின்றதும் குழாயை மூடினாள். சேராத பிள்ளைக்கு இவ்வளவு நேரம் ஒதுக்கினார்களே என்று எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

குறைகளும் உண்டு. எம்.எஸ்ஸி. வேதியியல் இங்கே இல்லை, மேலே படிக்க வேறு ஊர்தான். நூலகத்தை நாலரைக்கே பூட்டிவிடுகிறார்கள். ஹாஸ்டல் பிள்ளைகளுக்காகவாவது ஏழு மணி வரை திறந்து வைக்கலாம்.

எல்லை தாண்டி வருகிற பெற்றோர் பணக் கணக்கை முன்னாடியே போட்டுக்கொள்ளுங்கள். புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் கிடைப்பது, ஆறு முதல் பன்னிரண்டு வரை தமிழ்நாட்டு அரசுப் பள்ளியிலோ, அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ்வழியிலோ படித்தவர்களுக்குத்தான். என் தோழியின் மகளுக்கு வருகிறது, கேரளாவில் படித்த என் மகளுக்கு வராது. கேரளாவில் வாங்கிய சாதிச் சான்றிதழும் இங்கே இடஒதுக்கீட்டுக்குச் செல்லாது, பொதுப்பிரிவுதான். அப்புறம், வேறு போர்டில் படித்துவிட்டு வருகிறவர்கள் வாங்கி வர வேண்டிய மைக்ரேஷன் சர்டிபிகேட் கேட்டார்கள்.

தினமும் பஸ்ஸில் போய் வரட்டும் என்றுதான் முதலில் நினைத்தேன். மழைக்காலத்தில் லோயர் கேம்ப் மலைப்பாதையில் மண் சரிந்தால் அன்றைக்கு வகுப்பு போச்சு. கார்த்திகை பிறந்தால் சபரிமலை வண்டிகள். கூட்டம் கூடினால் போகிற வண்டிகளை இன்னொரு மலைப்பாதையான கம்பம்மெட்டு வழியாகத் திருப்பிவிட்டு, திரும்புகிறவற்றைக் குமுளி வழியாக விடுவார்கள். செமஸ்டர் பரீட்சையும் அந்த நேரத்தில்தான் வரும். அதனால் ஹாஸ்டலையும் பார்த்தோம். ஓர் அறைக்கு நான்கு பேர், கக்கூஸ் சுத்தம், தண்ணீர் தாராளம். போன் சாயங்காலம் ஒரு மணி நேரம் மட்டும். வார்டன் அம்மாவிடம், "ராத்திரி காய்ச்சல் வந்தா என்ன செய்வீங்க?" என்று கேட்டேன். ஆட்டோக்காரர் நம்பரைச் சுவரில் காட்டி, "நான்தாம்மா கூடப் போவேன், போற வழியிலேயே உங்களுக்குப் போன் வந்துடும்" என்றார். சுற்றி நின்ற பிள்ளைகள் ஆமாம் என்று தலையாட்டினார்கள்.

ரிசல்ட் வந்து, இடமும் கிடைத்து, அட்வான்ஸ் கட்டியாயிற்று. வாளி, பூட்டு, கொசுவலை கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்கள். குமுளிக் குளிரில் எங்கள் வீட்டில் கொசுவலை கட்டிப் பழக்கமே இல்லை. சேர்க்கப் போகிற அன்றைக்குக் கம்பத்திலேயே வாங்கிக்கொள்ள வேண்டும்.